தரவைக் காவலரண் நாயகன்

“இந்தத் தரவை மண்ணின் வரலாற்றை எழுதப் போகிறவன், சார்ஜன் பரமலிங்கம் அவர்களின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.”

மூத்தோர் சங்கத் தலைவர் இராசநாயகம் ஒலிவாங்கியில் முழங்க, பெட்டிக்குள் கிடந்த சார்ஜனின் மூக்கிலிருந்து நழுவிய பஞ்சை மகள் தயாளினி சுண்டுவிரலால் உள்ளே தள்ளினாள்.

சார்ஜன் பதவி நேற்றுத்தான் கிடைத்தது. மரண அறிவித்தலுக்காக அவளுடைய தம்பி சுபாஸ் கனடாவிலிருந்து கொடுத்தது. உயிரோடு இருந்தவரை அவர் பொலிஸ் கான்ஸ்டபிள். அதுவும் நாற்பது வருடத்துக்கு முன்னர் விட்ட வேலை.

“எல்லைக் காவலரணிலே தனியொருவராய் நின்றவர்.”

தனியாக நின்றது உண்மை. தரவைப் புல்வெளி நடுவே ஒரு தகரக் கொட்டில். மற்றவர்கள் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். பொழுதுபடும் நேரம் பரமலிங்கம் காக்கிக் களிசானைக் கழற்றிக் கம்பிவேலியில் போட்டுவிட்டுப் பற்றைக்குள் குந்தியிருந்தார். காலடிச் சத்தம் கேட்டது. இயக்கப் பெடியள் துவக்கோடு வந்துவிட்டார்கள் என்று வெறும் சட்டையோடு எடுத்த ஓட்டம் வீட்டு முற்றத்தில்தான் நின்றது. வந்தவை கட்டாக்காலி மாடுகள். அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை, களிசானும் வரவில்லை. கறியில் உப்புக் கூடிப்போச்சு என்று அவர் வாய் திறந்தால் போதும், “களிசானை எடுத்துக்கொண்டு வந்து கதையுங்கோ” என்பாள் அம்மா, சாகும்வரைக்கும்.

போன கிழமை அவர் தயாளினியின் கையைப் பிடித்து, “பிள்ளை, உந்தக் காக்கியைப் போட்டு அனுப்பிப் போடாதை. வேட்டி கட்டிவிடு” என்றிருந்தார்.

“ஓம் அப்பா” என்றிருந்தாள்.

சுபாஸ் விடவில்லை. “பொலிஸ்காரன்ரை மகன் எண்டுதான் இஞ்சை எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கிறன்.”

அலுமாரியில் சட்டை மட்டும் இருந்தது. பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலை ஆட்கள் அதன் முதுகை வெட்டிப் பிணத்துக்கு மாட்டினார்கள். தயாளினி வேட்டியை நீட்டினாள். “கீழை துணி மூடும்தானே அக்கா” என்று அவர்கள் வாங்கவில்லை.

இப்போது கைபேசிக்குள்ளிருந்து சுபாஸ் கூப்பிட்டான். “அக்கா, துணியை விலத்துங்கோ. முழு யூனிபோமும் தெரியட்டும்.”

“வேண்டாம் தம்பி. வெயில் ஏற முதல் எடுக்கோணும்.”

“துணி விலத்த எவ்வளவு நேரம் செல்லும்?”

அவள் துணியின் நுனியைப் பெட்டி விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

“பிள்ளை, வீரனை மறைக்கக் கூடாது” என்று ஒலிவாங்கியிலேயே சொன்ன இராசநாயகம், அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணியை உருவினார்.

மேலே காக்கிச் சட்டை இருந்தது. கீழே, சாகும்போது கட்டியிருந்து மூத்திரத்தில் நனைத்த சாரம் இருந்தது.