கேட்டதற்கு மட்டும் பதில்

உலகச் சண்டை முடிந்த வருஷம், புரட்டாசி மாதத்தில் ஒரு காலை வேளை அம்சா கிணற்றில் விழுந்தாள். அப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பிணி.

திருத்தணி மலையடிவாரத்தில் அவளுடைய மாமனார் ராஜமாணிக்கத்துக்கு ஒன்பது காணி நிலம் இருந்தது. கழனிக் கிணற்றிலிருந்துதான் வீட்டுக்கும் குடிதண்ணீர். தண்ணீர் மொள்ள இறங்கியவள் பாசிப் படியில் கால் வைத்து, குடத்தோடு உள்ளே போய்விட்டாள்.

மேலே மாடுகளை ஓட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்தவன் சுப்பன். ஐம்பது வயது. இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டுப் பண்ணையாள். சேரிக்காரன் என்பதால் கிணற்றுப் படியில் அவன் கால் பட்டதே இல்லை. சத்தம் கேட்டதும் கயிற்றை விட்டுவிட்டுக் குதித்தான். இரண்டு முறை முழுகித் தேடி, அவள் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினான். புடவை பாதி தண்ணீரோடு போயிருந்தது. கரையில் அவிழ்த்துப் போட்டிருந்த தன் தலைத்துண்டை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டு, பத்தடி தள்ளிப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"சின்னம்மா, வயித்துல வலி கிலி இல்லியே?"

"இல்ல" என்றாள்.

பக்கத்து நிலத்துக் கஜபதி வரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்தான்.

அன்று மாலை ராஜமாணிக்கம், "நல்ல நேரத்துல இருந்தடா" என்றுதான் சுப்பனிடம் சொன்னார். கிணற்றுக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதோடு போயிருக்க வேண்டியது. ஆனால் அவருடைய மகளுக்குத் திருவாலங்காட்டில் ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். கஜபதி வாயிலிருந்து கிளம்பிய பேச்சு நாலே நாளில் அங்கே போய்ச் சேர்ந்தது. சேரிக்காரன் கட்டிப்பிடித்துத் தூக்கிய மருமகளை இன்னும் அடுப்பங்கரையில் வைத்திருக்கிறார்களாமே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு அனுப்பினார்கள்.

ராஜமாணிக்கம் இரண்டு நாள் யோசித்தார். சுப்பன் காப்பாற்றினான் என்றால் அவமானம் வீட்டோடு நிற்கும். சுப்பன் தப்பு செய்தான், தண்டித்தோம் என்றால் அவமானம் அவனோடு போகும். இதை மனைவி கன்னியம்மாளிடம் சொன்னார். அவள் அம்சாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஊர்ல கேப்பாங்க. கேட்டதுக்கு மட்டும் ஆங்னு சொல்லு. வேற ஒரு பேச்சு பேசக் கூடாது."

"அத்தை, அவரு இல்லன்னா நானு..."

"அவரா?" கன்னியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வயித்துல புள்ளைய வச்சிகினு எந்த வூட்டுக்குப் போவ? உங்க நைனா சேத்துக்குவாரா, யோசிச்சுக்கோ."

அம்மன் கோயில் பூவரச மரத்தடியில் ஊர் கூடியது. சுப்பனைத் தூர நிறுத்தியிருந்தார்கள். ராஜமாணிக்கமே கேட்டார்.

"இவன் உன் கையப் புடிச்சானா?"

"ஆங்."

"உன் புடவை உடம்புல இல்லாதப்ப இவன் கிட்ட இருந்தானா?"

அம்சா நிமிர்ந்து பார்த்தாள். கணவன் சுந்தரமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆங். ஆனா..."

கன்னியம்மாளின் நகம் அவள் முதுகில் இறங்கியது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

சுப்பன் ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மாவே ஆமாம் என்று சொன்னபிறகு தான் பேசினால் அது அவளைப் பொய்க்காரியாக்கும் என்று நினைத்தானோ, பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தானோ, தெரியாது. மரத்தில் கட்டினார்கள். ராஜமாணிக்கம் நீர் இறைக்கும் கயிற்றை மகன் கையில் கொடுத்தார். சிறுவயதில் ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் சுந்தரமூர்த்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் சுப்பன். மலைப்படி வரைக்கும் தூக்கிப் போவான். படியில் இறக்கி விட்டுவிட்டுக் கீழேயே காத்திருப்பான். சுந்தரமூர்த்தி முதல் அடியை மெதுவாகத்தான் அடித்தான். "சோறு திங்கல?" என்று அப்பா கேட்டார். பிறகு வேகமாக அடித்தான். கயிறு போதாதென்று யாரோ கட்டையை எடுத்தார்கள். சுப்பனுடைய வலது முழங்கை உடைந்தது. அந்த எலும்பு பிறகு ஒன்றுசேரவே இல்லை.

பங்குனியில் அம்சாவுக்கு வலி கண்டது. ஒரு பகலும் ஓர் இரவும் போயின. குழந்தை குறுக்கே கிடந்தது. அந்த ஊரில் குறுக்கே கிடக்கும் பிள்ளையைத் திருப்பி எடுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். சுப்பனின் மனைவி மணியம்மை. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள், சுந்தரமூர்த்தியும்தான். அந்த வேலைக்கு மட்டும் அவள் பின்வாசல் வழியாக உள்ளே வரலாம், தொடலாம். முடிந்ததும் வீட்டைக் கழுவிவிடுவார்கள்.

சுந்தரமூர்த்தி சேரி எல்லையில் நின்று கூப்பிட்டான். மணியம்மை வந்தாள். ஆனால் பின்கட்டுத் தோட்டத்திலேயே நின்றுவிட்டாள். உள்ளே அம்சா கதறுவது கேட்டது.

"இன்னாடி நின்னுகினு கீற? உள்ள போ" என்றாள் கன்னியம்மாள்.

"போறேங்க. எம் புருசன் தப்பு பண்லன்னு ஆண்டே ஒரு வார்த்தை சொல்லட்டும். இங்கியே, இவங்க முன்னாடி."

வேலியோரம் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சேரியார் ஆண்டே என்று அழைக்கும் ராஜமாணிக்கம் வெளியே வந்தார். மகன் அவர் காலருகே உட்கார்ந்து, "நைனா, ஒரு வார்த்தைதான" என்றான்.

"சொன்னா திருவாலங்காட்டுல உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?" என்று கேட்டார் ராஜமாணிக்கம். குரல் உயரவில்லை. "இவ போனா தை மாசம் உனக்கு இன்னொருத்திய பாக்கலாம். மானம் போனா எங்க போய்ப் பாக்கறது?"

அவர் இதைச் சொன்னது சன்னலுக்கு நேர் கீழே. அம்சாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து சன்னல் கம்பியில் முகத்தை வைத்தாள்.

"நான் சொல்றேன், மணியம்மை. அவரு என்னைக் காப்பாத்தினாரு. தன் துண்டைக் குடுத்து மூடிட்டு, திரும்பி நின்னுகினாரு. தப்பா அவரு விரல் கூட படல. இவங்க சொல்லச் சொன்னாங்க, நான் சொன்னேன்."

பொய் வெளிப்பட்டதைவிட, சேரிக்காரனை அவள் 'அவரு' என்றதுதான் வேலியோரப் பெண்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல நாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மணியம்மை உள்ளே போனாள். உச்சிப்பொழுதுக்குள் குழந்தையைத் திருப்பி எடுத்துவிட்டாள். பெண். கொடியை அறுத்து, துடைத்துத் தாயின் பக்கத்தில் கிடத்தியபோது அம்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடு" என்றாள்.

மணியம்மை கையை விடுவித்துக்கொண்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் சின்னம்மா. கட்டி வச்சப்புறம் கூட சொல்லியிருக்கலாம். ராவுல அவரு கை நோவுதுன்னு அனத்தறாரு. நான் அதக் கேட்டுகினுதான் படுக்கறேன்." கையைக் கழுவினாள். "தலை துவளுது, புடிச்சித் தூக்குங்க கொழந்தைய."

மறுநாள் சேரியில் அவர்களுடைய குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அந்த மண் ராஜமாணிக்கத்துடையது. சுப்பனும் மணியம்மையும் அரக்கோணம் பக்கம் நடந்துபோனதாகச் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் அம்சாவையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றினார்கள். சுந்தரமூர்த்திதான் ஓட்டினான். பள்ளிப்பட்டில் அவளுடைய அப்பா ஜம்புலிங்கத்தின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான், அவன் இறங்கவில்லை. அவள் இறங்கியதும் மாட்டைத் திருப்பினான்.

ஜம்புலிங்கம் வாசற்படியில் நின்றபடி குழந்தையைப் பார்த்தார்.

"பொட்டையா?"

"ஆங், நைனா."

"ஒரு பொய் சொன்ன. சரி, குடும்பத்துக்காக சொன்ன. அதயாவது கட்டிக் காப்பாத்தியிருக்கலாம் இல்ல?"

வைக்கோல் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். சோறு அங்கேயே வரும். திருவாலங்காட்டுச் சம்பந்தம் எப்படியும் முறிந்தது. தை மாதம் சுந்தரமூர்த்திக்கு இன்னொரு கல்யாணம் நடந்தது.

மூன்று வருஷம் கழித்து, காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுச் சமையலுக்கு ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். அப்பா வீட்டில் அண்ணன் மனைவிக்குத் தொல்லையாக இருக்க வேண்டாமென்று அம்சாவே ஒப்புக்கொண்டாள். குழந்தையோடு அரக்கோணம் ஸ்டேஷனில் ரயில் மாறக் காத்திருந்தபோது, வேப்பமரத்தடியில் சுப்பனைப் பார்த்தாள். முன்னால் ஒரு சாக்கில் வேர்க்கடலையைக் குவித்து வைத்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது. இடது கையால்தான் அளந்து போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் எதிரே போய் நின்றதும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு கையை ஊன்றி, கஷ்டப்பட்டு எழுந்து நின்றான்.

"சின்னம்மா."

"உக்காருங்க" என்றாள் அம்சா.

அவன் உட்காரவில்லை.

"மணியம்மை எப்டி கீறாங்க?"

"கீறா. கரி அள்ளற வேலைக்குப் போறா." குழந்தையைப் பார்த்தான். "இதானா?"

"ஆங். உங்க சம்சாரம் எடுத்த கொழந்த. உக்காருங்க, கை நோவும்."

"பரவால்லீங்க."

"உங்கள கெஞ்சிக் கேக்கறேன். உக்காருங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் உட்காரவில்லை. கடலை வாங்க வந்தவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். காஞ்சிபுரம் வண்டி வரும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். குழந்தை கீழே உட்கார்ந்து, சிந்திக் கிடந்த கடலையைப் பொறுக்கித் தின்றது.