தேவநேசனின் இடம்

எங்கள் தேசியக் கிரிக்கெட் அணி தொடர்ந்து எழுபத்தொரு போட்டிகளில் தோற்றிருந்தது. எழுபத்திரண்டாவது போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே என்னை அழைத்தார்கள். நடுவரிசைத் துடுப்பாட்டக்காரர் தேவநேசனின் இடம் எனக்குக் கிடைத்திருந்தது. இடம் என்றால் முழு இடமும்.

அவருக்கு முப்பத்தேழு வயது. எனக்குப் பத்தொன்பது. மீதிப் பதினெட்டை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதத்தில் இருந்தது.

கடிதம் வந்தபோது அம்மா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தார். கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு வெள்ளைச் சீருடையோடு தெருவில் இறங்கி, எதிர்ப்பட்ட எல்லோரிடமும் தன் மகன் ஆரூரன் நாட்டுக்கு விளையாடப் போகிறான் என்று சொன்னார். இளம் வீரர்கள் அணிக்கு உயிர் கொடுப்பார்களா என்று பத்திரிகைகள் தினமும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கொடுப்பார்கள் என்று அம்மா பேருந்து நிலையத்தில் வைத்து எல்லோருக்கும் பதில் சொன்னார்.

பேருந்து புறப்படும்வரை அவர் என் யன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்று பயமில்லை.

கிரிக்கெட் சபையின் கட்டடம் தலைநகரில் இருந்தது. பதினோராம் அறைக்குப் போகச் சொன்னார்கள். பத்தாம் அறையைத் தாண்டினேன். அடுத்ததும் பத்தாம் அறையாக இருந்தது. நான் வேகமாக நடந்தேன். நடைபாதையும் வேகமாக நீண்டது.

எனக்கு முன்னால் ஒருவன் மிக மெதுவாக நடந்துகொண்டிருந்தான். காத்தான்குடி இஃபாஸ். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் போட்டியில் எனக்கு எதிராக வேகப்பந்து வீசியிருக்கிறான். மெதுவாக நடந்தால்தான் அறை வரும் என்று அவன் ரகசியமாகச் சொன்னான். அவன் உம்மா என்று கூப்பிடும் தாய் சுட்டுக் கொடுத்த பணியாரம் ஒரு பையில் இருந்தது. எனக்கு ஒன்று தந்தான். அதைத் தின்று முடிப்பதற்குள் அறை வந்துவிட்டது.

உள்ளே திருமதி கனகாம்பிகை என்ற அதிகாரி இருந்தார். நான் தேவநேசன் இல்லை என்பதற்கான சான்றிதழைக் கேட்டார். அப்படி ஒன்று என்னிடம் இல்லை என்றேன். அப்படியென்றால் சிக்கல் இல்லை என்று குறித்துக்கொண்டார். முழங்கால் வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார். எனக்கு முழங்கால் வலி இல்லை என்றேன். அவர் அன்றைய தேதியை எழுதினார்.

பிறகு இஃபாஸைப் பார்த்தார். அவனுக்குக் கிடைத்தது விமலசேனவின் இடம். விமலசேன முதுகு வலியால் அவதிப்பட்ட வேகப்பந்து வீச்சாளர். போட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகலாமா என்று இஃபாஸ் கேட்டான்.

"எந்த வீட்டுக்கு?"

"காத்தான்குடிக்கு, மெடம்."

அவர் ஒரு பட்டியலை விரலால் தடவிப் பார்த்தார். "அங்க ஆள் இருக்கு," என்றார்.

இஃபாஸ் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பை நிறுத்துவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் பெயரைத்தான் எழுதத் தொடங்கினேன். கை தானாக வளைந்து வேறொரு கையெழுத்தைப் போட்டது. சரிவான, அவசரமான கையெழுத்து. அதற்கு முன் நான் அதைப் பார்த்ததே இல்லை. கனகாம்பிகை அதைப் பழைய கடிதம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

சபையின் வாகனம் என்னைத் தேவநேசனின் வீட்டு வாசலில் இறக்கியது. அவருடைய மனைவி ரோசலின் கதவைத் திறந்தார். ஏன் இவ்வளவு நேரம், தேத்தண்ணி ஆறிவிட்டது, நாளைக்கு விளையாட்டை வைத்துக்கொண்டு எங்கே சுற்றுகிறீர்கள் என்று கேட்டபடியே என் பையை வாங்கிக்கொண்டார். நான் ஆரூரன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைக் கதிரையில் உட்காரவைத்து, நிலத்தில் அமர்ந்து, என் வலது முழங்காலில் தைலம் தடவத் தொடங்கினார்.

அவர் கை வைத்த பிறகுதான் வலி வந்தது. அது புதிய வலியாக இல்லை. பல வருடங்களாக அங்கேயே இருந்ததைப் போலிருந்தது.

அவர் சமையலறைக்குப் போனதும் மகள் என்னிடம் வந்தாள். பன்னிரண்டு வயது. பெயர் நத்தாலி. கையில் பாதி நிறம் தீட்டிய தேசப்படம் இருந்தது. என் முகத்தை அவசரமில்லாமல் பார்த்தாள்.

"நீங்கள் எத்தினையாவது ஆள்?"

எனக்கு விளங்கவில்லை. அவள் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, நாலாவது என்று தானே சொன்னாள். உண்மையான அப்பா எங்கே என்று கேட்டேன். மெதுவாகக் கதைக்கச் சொன்னாள். அம்மாவின் காதில் விழுந்தால் ஒரு நாள் முழுக்க அலுமாரிகளைத் திறந்து திறந்து தேடுவார், எதைத் தேடுகிறார் என்பது அவருக்கே தெரியாது, பிறகு தலையிடி என்று படுத்துவிடுவார் என்றாள். முந்தியவரோடு அவள் பழகவே இல்லை. பழகுவதற்குள் மாற்றிவிட்டார்கள்.

"அப்பா எண்டு கூப்பிடட்டோ?"

அவளைவிட எனக்கு ஏழு வயதுதான் அதிகம். ஓம் என்றேன்.  அவள் சரி அப்பா என்று சொல்லிவிட்டுக் கடலுக்கு நீலம் தீட்டப் போனாள்.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கண்ணாடியில் என் காதோரம் நரைத்திருந்தது. இரண்டாவது மணியில் ஓர் ஆண் எடுத்தான்.

"ஆரூரன் கதைக்கிறன்."

களைத்த குரல். நான்தான் ஆரூரன் என்றேன்.  அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைத்தான். தன்னை மன்னிக்கச் சொன்னான். அவன் தேவநேசன் இல்லை. தேவநேசனுடைய இடத்துக்கு வந்த மூன்றாமவன். மலைநாட்டில் ஓர் ஊர். தனக்கும் ஒரு பெயர் இருந்தது என்றான். அது ம-வில் தொடங்கும். அதற்கு மேல் வரவில்லை.

நடைமுறையை அவன்தான் விளக்கினான். கடைசிச் சில போட்டிகளாக, அணி தோற்றால் ஆளை மாற்றினார்கள். வெளியே போகிறவனுக்கு, புதிதாக வருகிறவனுடைய வீட்டைக் கொடுத்துவிடுவார்கள். அவனுடைய வீட்டில் இப்போது இரண்டாமவர் இருந்தார். என் வீட்டில் அவன்.

"அப்ப நான் போனால்?"

"உங்களுக்குப் பிறகு வாற பெடியன்ர வீடு."

"என்ர வீடு?"

 என் அம்மா தனக்கு நண்டு கறி வைத்துத் தந்ததாகச் சொன்னான்.  தன்னை எழுப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று கெஞ்சினான்.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. யாரென்று கேட்டார். தேவநேசன் என்று அவன் சொன்னான். அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டார். என் மகனுக்கு உங்களுடைய ஆட்டமென்றால் உயிர், நீங்கள் எங்கள் வீட்டுக்கு எடுத்ததை நம்பவே முடியவில்லை என்றார். அம்மா என்னை நீங்கள் என்றது அதுதான் முதல் தடவை.

நான் அம்மா என்றேன்.

"அப்பிடிக் கூப்பிடுற அளவுக்கு எனக்கு வயசு போகேல்லை, தம்பி," என்று அவர் சிரித்தார். நாளைக்கு நன்றாக விளையாடுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டார்.  வெளியே ரோசலின் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தேவநேசன் என்ற பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை, எழுபத்து மூன்றாவது போட்டிக்கு மைதானத்தில் சனம் நிறைந்திருந்தது. ஆடுகளத்தின் நடுவில் சபையின் வைத்தியர் முழங்காலில் இருந்தார். காதில் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் புல்லில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பந்து வீசும்போது மட்டும் விலகிக்கொள்வார். அணி இன்னும் முழுதாகச் சாகவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

ஐந்து விக்கெட்டுகள் விழுந்த பிறகு என் முறை வந்தது. உடை மாற்றும் அறையிலிருந்து களத்துக்கு நூறு அடிதான் இருக்கும். நான் நடந்து முடிப்பதற்குள் இன்னும் நான்கு பேர் ஆட்டமிழந்து என்னைக் கடந்து போனார்கள். எல்லோருக்கும் நரை. எல்லோருக்கும் பையன்களின் கண்கள். நான்கு பேரும் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருவன் ஓடியே போனான்.

வேண்டியது பதினாறு ஓட்டங்கள். மறுமுனையில் கடைசி ஆளாக இஃபாஸ் நின்றான். முதுகு வளைந்திருந்தது. அவன் என்னைத் தேவா அண்ணை என்று கூப்பிட்டான். பணியாரத்தைப் பற்றிக் கேட்டேன். எந்தப் பணியாரம் என்றான்.

உண்மையைச் சொல்கிறேன். நானும் ஆட்டமிழக்கத்தான் போனேன். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு போட்டால் போதும் என்றிருந்தது. அது என் பெயராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முதல் பந்துக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டம்பை விட்டு விலகினேன். பந்து ஸ்டம்பின் மேலால் ஒரு விரல் இடைவெளியில் போனது.

அது போன திசையில், விக்கெட் காப்பாளருக்குப் பின்னால், எங்களுக்கு அடுத்து வரப்போகிறவர்களுக்கான கூடாரம் இருந்தது. அதில் பதினொரு பையன்கள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் பக்கத்தில் அவனுடைய தாய். ஐந்தாவது கதிரையில் என்னுடைய எண்ணைத் தாங்கிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் இருந்தான். பல்லில் கம்பி போட்டிருந்தான். அவனுடைய தாய் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். சனம் பார்க்கிறதே என்று அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். அவர் விடாமல் துடைத்தார்.

நான் ஆட்டமிழந்தால் அந்தக் கை எனக்கு வரும்.

 அடுத்த பந்தை மறித்து ஆடினேன். அதற்கு அடுத்ததை நான்குக்கு அடித்தேன். பிறகு இன்னொரு நான்கு. சனம் என்ன செய்வதென்று தெரியாமல் அமைதியாக இருந்தது.

ஓவர் மாறி இஃபாஸின் முறை வந்தது. நான் அவனிடம் போனேன். தனக்கு முதுகு தாங்க முடியவில்லை, ஆட்டமிழந்தால் ஒரு வீட்டுக்கு விடுவார்களாம் என்றான். கூடாரத்தைக் காட்டினேன். அவர்களைத் தனக்குத் தெரியாது என்றான்.

"உன்ர உம்மாவும் அப்பிடித்தான் உன்னோட இருந்தவ," என்றேன்.

"உம்மா எண்டால் ஆர்?"

நடுவர் நேரத்தைக் காட்டினார். நான் என் முனைக்குத் திரும்பினேன். பாதி வழியில் அவன் கூப்பிட்டான்.

"அந்தச் சொல்லை இன்னொருக்காச் சொல்லுங்கோ அண்ணை."

சொன்னேன். அவன் அதைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிக்கொண்டு குனிந்து நின்றான். ஐந்து பந்துகளை மறித்தான். ஒரு பந்து அவனுடைய விலாவில் பட்டது. அவன் சொல்வதை நிறுத்தவில்லை. ஆறாவது பந்து மட்டையின் விளிம்பில் பட்டுப் பின்னால் எல்லையைத் தாண்டி ஓடியது. இரண்டு நான்குகள், ஒரு நான்கு. இன்னும் நான்கு வேண்டும்.

அடுத்த ஓவரின் முதல் பந்தைத் தூக்கி அடித்தேன். அது நிலத்தில் விழுந்து எல்லையை நோக்கி உருண்டது. எல்லைக்கோடு பின்வாங்கியது. பந்து உருள உருள அது போய்க்கொண்டே இருந்தது. களத்தடுப்பாளர்கள் அதன் பின்னால் சிறிதாகிக்கொண்டே போனார்கள்.

ஓடு என்று கத்தினேன். ஓடினோம். முதல் ஓட்டத்தில் என் முழங்கால் பிசகியது. இரண்டாவதில் இஃபாஸ் மட்டையை ஊன்றி ஊன்றி வந்தான். மூன்றாவதில் இருவரும் அழுதுகொண்டிருந்தோம். நான்காவதை நான் தவழ்ந்து முடித்தேன்.

எழுந்தபோது வைத்தியர் புல்லில் காது வைத்துக் கிடந்தார். ஒரு கையை உயர்த்தினார். முழு மைதானமும் மூச்சை அடக்கியது.

"மூச்சு வருது," என்றார்.

கனகாம்பிகை ஒலிபெருக்கியில் அறிவித்தார். இளம் வீரர்கள் அணியைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பிழைத்த உடம்பில் இனிக் கை வைக்கக் கூடாது. இந்தப் பதினொருவரும் இனி நிரந்தரம். புதிதாக எவரையும் எடுக்கத் தேவையில்லை.

சனம் ஆர்ப்பரித்தது. வெடி கொளுத்தினார்கள். வெளியே போயிருந்த ஒன்பது பேரையும் வாசலில் மறித்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். ஓடிப்போனவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இஃபாஸ் ஆடுகளத்தில் உட்கார்ந்திருந்தான். வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.

பார்வையாளர் அரங்கின் மேல் தட்டிலிருந்து ரோசலின் கை காட்டினார். நத்தாலி கை காட்டவில்லை. எழுந்து நின்று என்னை மனப்பாடம் செய்பவளைப் போலப் பார்த்தாள்.

அடுத்தவர்களின் கூடாரத்தைப் பிரித்தார்கள். பையன்களிடமிருந்து சட்டைகளைத் திரும்ப வாங்கினார்கள். பல்லில் கம்பி போட்டவன் கொடுக்க மறுத்தான். இரண்டு பேர் சேர்ந்து பிடுங்கினார்கள். நான் நொண்டி நொண்டி அந்தப் பக்கம் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவனுடைய தாய் என்னைப் பார்த்தார். அவருடைய பார்வையில் வெறுப்பு இருந்தது.

"கிழவங்கள் இடத்தை விட்டாத்தானே," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

 நான் அவனுடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து என் மேல் எறிந்தான். அது என் நல்ல காலில் பட்டது. எறிந்துவிட்டு அடுத்த கல்லைத் தேடினான்.

தாய் வாசலுக்குப் போய்விட்டிருந்தார். அங்கிருந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெடிச் சத்தத்தில் எனக்கு அது என்ன பெயரென்று விளங்கவில்லை. அவனுக்கு விளங்கியது. கல்லைக் கீழே போட்டான்.

"வாறன் அம்மா," என்று சொல்லிவிட்டு ஓடினான்.