நல்ல தண்ணி

இந்தக் காலத்தில் எவனும் ஒரு மனுஷனைப் பார்த்ததும் கும்பிடு போடுவதில்லை. போனைத் தூக்கிப் போட்டோ எடுக்கிறான். எடுத்து முடித்த பிறகுதான் பேர் என்ன என்று கேட்கிறான். கேட்ட பேரையாவது ஒழுங்காகச் சொல்கிறானா என்றால் அதுவும் கிடையாது. ராயபுரத்து ஏ.சி. மண்டபத்தின் வாசலில் மீனவக் கிழவர் தேசப்பனை நிறுத்திவைத்து ஐந்தாறு பேர் அப்படித்தான் எடுத்தார்கள். ஒருத்தி அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டினாள்.

"சிரிங்க தாத்தா" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள். அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டாள்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாளு மூஞ்ச நல்லா வெச்சுக்கோயேன்" என்றாள் மருமகள் நாகவல்லி. எறால் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் இறால் உரித்து அவள் விரல்நுனிகளில் தோல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. தேசப்பனின் மகன் செத்த பிறகு வீட்டில் உலை வைப்பது அந்த விரல்கள்தான். இன்றைக்கு இந்த மண்டபத்தில் நல்ல சேதி சொல்லிவிட்டால் அந்த வேலைக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம். அவர்கள் ஊரான எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் மீன்குஞ்சு பொரிக்கிற கொட்டாய் வரும். அதில் முதல் வேலை நாகவல்லிக்கு. அப்படித்தான் மேத்யூ சொல்லியிருந்தான்.

மேத்யூ கல்மண்டபத்துப் பையன். அவன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பையன் மீன் படிப்பு படித்து, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறான். கழுத்தில் அட்டை மாட்டினவர்களை தேசப்பன் வீட்டு வாசலில் நிற்கவிட மாட்டார். ஆற்றில் எண்ணெய் மிதந்த வருஷத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் மொண்டுகொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வந்து இதுதான் சேதி என்று சொன்னவன் ஒருத்தனும் இல்லை. ஆனால் மேத்யூ அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர்கள் பேசுகிற பேச்சையே பேசினான். அங்கேதான் கிழவர் சறுக்கினார்.

"பண்ணையில மடவ மீன் வளக்கணும்னா குஞ்சு வோணும் நைனா. நல்ல குஞ்சு வோணும்னா பொட்ட மீனுக்குச் சினை நல்லா இருக்கணும், கெடா மீனுக்குப் பால் நல்லா இருக்கணும். எந்த ஊரு தண்ணில தாய் தகப்பன் மீனு நல்லா கீதுன்னு மூணு எடத்துல பாக்கப் போறோம். இதுல சேந்து கீறது எங்க ஆபீசு ஒண்ணு, வெளிநாட்டு காலேஜு ஒண்ணு, பண்ணை வெச்சிருக்கிற கம்பெனி ஒண்ணு. நம்மூரு மடவ ஜெயிச்சுதுன்னா கொட்டாய் நம்மூர்ல."

"தோத்துச்சுன்னா?"

"எப்டி நைனா தோக்கும்? உனுக்கே நம்பிக்கை இல்லியா?" என்று சிரித்தான். பிறகு ஒரு வார்த்தை சொன்னான். "இது கூட்டு ஆராய்ச்சி. நீயும் இதுல கூட்டு."

கூட்டு என்றால் தேசப்பனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். வலை நிறைந்தாலும் சரி, கிழிந்து வெறுமனே வந்தாலும் சரி, கூடப் படகில் இருப்பவனுக்கு முதலில் சொல்ல வேண்டும். கரையில் நிற்பவன் அப்புறம்தான். இதைப் படித்த பையனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன என்று அவர் நினைத்துவிட்டார்.

மழைக்காலம் பிடித்தது. ஆற்று முகத்துவாரம் வழியாக மடவைகள் முட்டையிடக் கடலுக்கு இறங்குகிற சமயம். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த இறக்கத்துக்கு மட்டும் அந்தப் பக்கம் யாரும் வலை போட வேண்டாம், கொட்டாய் வந்தால் எல்லாருக்கும் பிழைப்பு என்று தேசப்பன் கேட்டார். அவர் அதுவரை ஊரில் எதையும் கேட்டவரில்லை. அதனால் விட்டுக்கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு ராசையா மட்டும் சும்மா விடவில்லை.

"இன்னா தேசப்பா, மாட்ட வுட்டுட்டு மீன்ல பால் கறக்கப் போறியாமே? சொசைட்டில ஊத்துவியா, வூட்டாண்ட வெச்சு விப்பியா?"

"உனுக்கு டீக்கு வோணும்னா சொல்லு, ஒரு சொட்டு ஊத்தறேன்."

ஆனால் வேலை என்னவோ கறக்கிற வேலைதான். உயிரோடு பிடித்த கடா மீனை ஈரம் போகத் துணியால் துடைத்து, வயிற்றைத் தலைப்பக்கமிருந்து வால்பக்கம் மெதுவாக நீவினால் வெள்ளையாகப் பால் வரும்; விந்தைத்தான் அப்படிச் சொல்வது. ஊசியில்லாத சிரிஞ்சில் அதை உறிஞ்சிச் சின்ன டியூபில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். பொட்டை மீனுக்கு மெல்லிய குழாய் விட்டு நாலைந்து முட்டை எடுத்தால் போதும். எடுத்த பிறகு மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடலாம். மேத்யூ ஒருநாள் பூதக்கண்ணாடிப் பெட்டியைக் கரைக்கே கொண்டுவந்து, பாலில் ஒரு சொட்டுக் கடல்தண்ணீர் விட்டு, பார் என்றான். தேசப்பன் குனிந்து பார்த்தார். பொடிப்பொடியாக ஏதோ தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன.

"யப்பா" என்றார். "உசுரு கீதுடா இதுக்கு!"

அந்த வாரமே மேத்யூவுக்கு வெளிநாட்டுக் காலேஜில் பயிற்சி என்று பிளேனேறும்படி ஆகிவிட்டது. பாதி வேலை கிடந்தது. "நீயே எடுத்து எங்க ஆபீசு வேன்ல குடுத்துடு நைனா, உனுக்கு நல்லா கை வந்துட்ச்சு. தண்ணி மட்டும் படக்கூடாது, பாத்துக்கோ" என்றான்.

தண்ணி படக்கூடாது என்றால் எந்தத் தண்ணி? தேசப்பனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கரண்டு கம்பெனிச் சாம்பல் கரைந்து, எண்ணெய் படிந்து, கையை விட்டால் அரிக்கிற ஆற்றுத் தண்ணீர்தான். கலீஜ் தண்ணீர் படக்கூடாது என்கிறான் பையன். சரியாகத்தான் சொல்கிறான். குப்பத்தில் யாருக்காவது மீன் கொடுப்பதென்றால்கூட அலசித்தானே கொடுப்பார்கள்? இது வெளிநாடு வரைக்கும் போகிற சரக்கு. அதனால் வீட்டில் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரைக் குடத்தில் ஊற்றிப் படகில் எடுத்துப்போனார். ஒவ்வொரு கடா மீனையும் அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டினார். ஒவ்வொரு டியூபையும் சிரிஞ்சையும் அதில் அலசி உதறினார். "கொயந்தைக்குக் கூட இத்தினி தண்ணி செலவு பண்ணலியே மாமா" என்று நாகவல்லி முனகினாள். "இது கொயந்தைக்கும் மேல" என்றார் அவர்.

மேத்யூ திரும்பி வந்த பிறகு குப்பத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. போன் செய்தால், ரிப்போர்ட் எழுதிக்கினு கீறோம் நைனா, நல்லதே நடக்கும் என்பான். இந்த மண்டபத்துக்கு வரச்சொல்லித்தான் அவனாகப் போன் செய்தான். பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்றான்.

உள்ளே முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடையில் பெரிய திரை. அதன் ஒரு மூலையில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி எங்கிருந்தோ தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி நிலையத்துப் பெரிய டாக்டர் ஷிஜி, தெற்கத்திக்கார அம்மா, மைக்கில் பேசினார். இங்கிலீஷில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம். திரையில் மூன்று வட்டங்கள் வந்தன. இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு.

"மாமா" என்றாள் நாகவல்லி. அவள் பத்தாவது வரை படித்தவள். "நம்மள்து செவப்புல கீது."

"செவப்புன்னா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஷிஜியே சொல்லிவிட்டார். "எண்ணூர் மீனோட முட்டைத் தரம் ரொம்ப நல்லாருக்கு. ஆனா ஆண் மீனோட விந்துல பெரும்பாலும் அசைவே இல்ல. அதனால தாய் மீன் சேகரிக்க அந்த இடம் பொருத்தமா வராது. பொரிப்பகம் தெற்கே அமையுது."

கை தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ, "எண்ணூர் மீனு மலடாம்பா" என்று சிரித்தது நாகவல்லி காதிலும் விழுந்தது. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அடுத்ததாக, நம்ம கூட்டாளி மீனவர் தேசியப்பன் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். தேசப்பன் மேடையேறினார். பொன்னாடையோடு வந்த கைகளுக்கு அவர் தலை குனியவில்லை. நேராக ஷிஜியிடம் போனார்.

"ஏம்மா, சினை நல்லா கீது, பால் மட்டும் செத்துப்போச்சா? ரெண்டும் ஒரே தண்ணில தான பொறந்து வளந்துச்சு?"

ஷிஜி முதலில் திகைத்தார். அப்புறம், அந்தம்மா ஒன்றும் கெட்ட மனுஷி இல்லை, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "எங்களுக்கும் அது ஆச்சரியமாத்தான் இருந்துச்சு ஐயா. பால் எடுத்தப்ப நீங்க கூட இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"கூட இன்னா, நானே தான் எட்த்தேன். ஒரு தூசி துரும்பு கெடயாது. எல்லாத்தையும் கேன் தண்ணில அலசி, மீனுக்கும் நல்ல தண்ணில வயித்தக் கயுவி, சுத்தபத்தமா குட்த்தேன்."

ஷிஜி அவரைப் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் நின்ற மேத்யூவைப் பார்த்தார். "நீங்கதானே எடுத்ததா எழுதியிருக்கீங்க?"

"மேடம், அப்புறம் பேசலாம்" என்றான் மேத்யூ. தேசப்பனின் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். நாகவல்லி பின்னாலேயே ஓடினாள்.

"இன்னா நைனா இப்டி பண்ட்ட? கடல் மீனுப் பால்ல நல்ல தண்ணி பட்டா அவ்ளோ தான். உள்ள கீறது எல்லாம் ஊதி வெடிச்சுச் செத்துடும். படிச்சிப் படிச்சிச் சொன்னேனே தண்ணி படக்கூடாதுன்னு!"

தேசப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "என் கண்ணால பாத்தேன்டா. நீ தான் காட்ன. தண்ணி சொட்டு வுட்டதும் குடுகுடுன்னு ஓடுச்சு."

"அது கடத்தண்ணி நைனா!"

"கடத்தண்ணில ஓடுமாம், நல்ல தண்ணில சாவுமாம். சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் சாவாததுக்கு, நாங்க குடிக்கிற தண்ணி வெசமா?"

"அத்த எப்டி உனுக்குப் புரிய வெப்பேன்..."

"நீ எப்போ கண்டுபுட்ச்ச?" என்று கேட்டாள் நாகவல்லி.

மேத்யூ மண்டபத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"உன்னத்தான் கேக்குறேன். பால் செத்து வந்துச்சுன்னு இப்ப தான் தெரியுமா, முன்னாடியே தெரியுமா?"

"டியூப்ல தண்ணி கலந்திருக்கும்னு... ஒரு டவுட்டு இருந்துச்சுக்கா. நான் இல்லாதப்ப வேற ஆளு எடுத்ததுன்னு சொன்னா என் வேல போயிடும். ஆபீசு, காலேஜு, கம்பெனி, மூணு பேரும் ரிப்போர்ட்டுக்கு நெருக்கிகினு இருந்தாங்க. அடுத்த சீசன்ல சரி பண்ணிக்கலாம்னு..."

"அடுத்த சீசன்ல மீனு சரியாவும். கொட்டாய் திரும்பி வருமா?" என்றாள் அவள். "உன் பேரு கெடக்கூடாது, எங்க ஊரு மீனு மலடுன்னு பேரெடுக்கலாம். இன்னாமா கீது உன் நாயம்!"

தேசப்பனுக்கு அவன் சொன்ன தண்ணீர்க் கதையில் ஒரு எழுத்துக்கூட இறங்கவில்லை. மாட்டிக்கொண்டவன் கைக்குக் கிடைத்ததை எடுத்து மூஞ்சியில் வீசுகிறான், அவ்வளவுதான் என்று பட்டது. கொட்டாயை எவன் ஊருக்கோ எப்போதோ பேசி முடித்துவிட்டு, தோற்றதற்கு ஒரு ஊர் வேண்டுமென்று எண்ணூரைப் பிடித்திருக்கிறார்கள். இப்போது அந்த ஊருக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று அவரைப் பிடிக்கிறார்கள். ஆனால் அவர் நெஞ்சைப் பிடித்து இழுத்தது அதுகூட இல்லை. பால் செத்துவிட்டது என்று தெரிந்த அன்றைக்கே இவன் பஸ் பிடித்து வந்து சொல்லியிருந்தால், நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பார். முன்பின் தெரியாத முந்நூறு பேருக்குச் சொல்லிவிட்டு, அவரைப் பொன்னாடைக்குக் கூப்பிட்டிருக்கிறான். ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து நின்று கேட்டது இவனுக்காக.

"கூட்டுன்னு சொல்லி என்னிய இட்டுகினு வந்து உக்கார வெச்சியேடா" என்றார். "உம் பக்கத்துல கூட இல்ல. எதிர்ல."

கதவைத் திறந்துகொண்டு ஷிஜி வந்தார். முகம் இறுகியிருந்தது. "ஐயா, இத நான் இப்படியே விடமாட்டேன். திரும்பப் பார்க்கணும்னு மத்தவங்ககிட்ட எழுதிக் கேக்கறேன். அடுத்த இறக்கத்துக்கு நானே வந்து எடுக்கறேன். நீங்க சம்மதிக்கணும்."

"சம்மதம் இப்ப தான் கேக்கறீங்க" என்றார் தேசப்பன். "வாங்க. ஆறு அங்க தான் கீது. எங்கைல மீனு கேக்காதீங்க."

"நைனா, கார் கீது, வூட்டாண்ட வுட்டுட்றேன்" என்றான் மேத்யூ.

அவர் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. இரண்டு லாரிகளுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். நாகவல்லி ஓடிவந்து சேர்ந்துகொண்டாள்.

"மாமா, அந்தம்மா சொல்றத ஒரு தபா..."

"ம்."

"ஒரு வேள அவுங்க சொல்ற மாரி நெஜமாவே தண்ணில தான்..."

"உனுக்கு அப்டித் தோணுதா?"

அவள் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு லாரியைச் சுற்றி வந்தாள். "தெரில மாமா."

"எனுக்குத் தெரியும்" என்றார் தேசப்பன். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான். அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பையும் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்.