நகரும் நாற்காலி

செட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஸ்டில்ஸ்" என்றால் திரும்பிப் பார்ப்பாள். படப்பிடிப்பு நடக்கும்போது சினிமா கேமராவை ஒட்டி நின்று, போஸ்டருக்கும் பத்திரிகைக்கும் வேண்டிய புகைப்படங்களை எடுப்பது அவள் வேலை. கறுப்புச் சட்டை, சத்தம் வராத கேமரா, ரப்பர் செருப்பு. நடிகர்கள் பார்க்கும் திசையில் மட்டும் நிற்கக் கூடாது. நின்றால் அவர்களுக்கு வசனம் மறக்கும், இவளுக்குத் திட்டு விழும்.

அந்தப் படத்துக்காக ஒரு பழைய கிடங்குக்குள் வீடு போட்டிருந்தார்கள். மூன்று அறைகள், கூரை இருக்க வேண்டிய இடத்தில் விளக்குகள் தொங்கின. ஓடிப்போன மகள் திரும்பி வருகிறாள், அம்மா கூடத்தில் நடந்து வந்து அவள் எதிரே நிற்கிறாள். இதுதான் அந்த வாரம் எடுத்த காட்சி. அம்மா வேஷம் கட்டியவர் இதற்குள் திரையுலகில் பாதி நடிகர்களுக்கு அம்மாவாக நடித்து முடித்தவர். எல்லோருக்கும் அவர் மேடம்.

ஒரு சாயங்காலம் ஸ்டில்ஸ் வீட்டுக் கணினியில் படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். துவைத்த துணியை மடித்தபடி அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"அந்த மர நாற்காலிக்கு என்ன வேஷம்?"

"ஏன் அண்ணி?"

"இல்ல, எல்லாரும் நின்ன எடத்துல நிக்கிறாங்க. அது மட்டும் நடந்துகிட்டே இருக்கே."

பார்த்தால், ஆமாம். ஒரு படத்தில் சுவரோரம். அடுத்ததில் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி. இன்னொன்றில் நடுக்கூடத்துக்கே வந்துவிட்டது. அன்றைக்குத் தூக்கம் வரும்வரை அந்த நாற்காலிதான் அவள் மண்டையைக் குடைந்தது.

மறுநாள் அதன்மேல் ஒரு கண் வைத்தாள். பொருள்கள் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் தாடிக்கார உதவி இயக்குநர், ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் அதைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். விளக்குக்காரர்கள் ஏணியில் ஏறிய நேரத்தில், சால்வையைச் சரிசெய்வதுபோல மேடம் திரும்பினார். இடுப்பால் நாற்காலியை ஒரு தள்ளு தள்ளினார். ஸ்டில்ஸின் விரல் தானாகக் கேமராவை அழுத்தியது.

எதற்கு? சகுனமா? தாடிக்காரர்மேல் ஏதாவது கோபமா? யோசித்துக்கொண்டே அடுத்த ஒத்திகையில் ஸ்டில்ஸ் மேடத்தின் இடப்பக்கம் நகர்ந்தாள். அப்புறம்தான் உறைத்தது, நிற்கவே கூடாத இடத்தில் நிற்கிறோம் என்று. வேறு யாராக இருந்தாலும் முறைத்திருப்பார்கள். மேடத்தின் இமைகூட அசையவில்லை. ஸ்டில்ஸ் மெல்லக் கையைத் தூக்கி ஆட்டினாள். ஒன்றும் இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் ஒப்பனை அறைக்குப் போனாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நாற்காலி..."

மேடம் சிரித்தார். "பாத்துட்டியா? உன் தொழிலே அதான."

இடது கண் முழுக்கப் புகை, என்றார். வலது கண்ணுக்கு ஆள் தெரியும். எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒட்டுகிற டேப் தெரியாது. ஒரு அடி தாண்டி நின்றால் முகம் இருட்டில் போய்விடும்.

"கை நாற்காலியில பட்டா கால் நின்னுடும். அவ்ளோதான்."

"டைரக்டர்கிட்ட சொல்லலாமே?"

"சொன்னா அப்புறம் யாரு கூப்பிடுவா? கூப்பிட்டாலும் கண்ணு தெரியாத அம்மாவுக்குத்தான் கூப்பிடுவாங்க."

சிரிப்பதா கூடாதா என்று ஸ்டில்ஸுக்குத் தெரியவில்லை. "நான் வாயத் திறக்க மாட்டேன் மேடம்," என்றாள்.

பிற்பகலில் இயக்குநர் இரண்டு ஷாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தார். நாற்காலி இரண்டு இடத்தில் இருந்தது. தாடிக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு பொடனியிலயா இருக்கு? நாளைலேருந்து வர வேணாம்."

"சார், நான் செவுத்தோரமாத்தான் வெச்சேன்."

யாரும் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதற்கு ஸ்டில்ஸின் கழுத்தில் தொங்கிய கேமராவிலேயே சாட்சி இருந்தது. கொடுத்த வாக்கும் இருந்தது. மேடம் பக்கம் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்தாள்.

"அவரை விடுங்க தம்பி," என்று மேடத்தின் குரல் கேட்டது. "நகர்த்தினது நான். எனக்குத் தரையில இருக்குற டேப் தெரியல. கண்ணு போய்கிட்டிருக்கு."

இயக்குநர் முகத்திலிருந்து எதையும் ஊகிக்க முடியவில்லை. ஸ்டில்ஸ் படம் எடுக்கவும் மறந்து அவரையே பார்த்தாள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா வேற ஏதாவது பண்ணியிருப்போமே மேடம்," என்றார் கடைசியில். தலையைச் சொறிந்தார். "இப்ப என்ன பண்றது?"

"மேடம் நிக்கிற எடத்துல மெல்லிசா ஒரு மரச்சட்டம் அடிச்சிரலாம் சார்," என்றார் தாடிக்காரர். "மேல விரிப்பு போட்டா வெளிய தெரியாது. கால்ல தட்டுப்படும்."

தச்சர் வந்து அடித்தார். மேடம் வெறுங்காலால் தடவிப் பார்த்துக்கொண்டார். நடந்து வந்தார், நின்றார், மகளைப் பார்த்தார். முதல் டேக்கிலேயே ஓகே. இயக்குநர் தாடிக்காரரின் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துரு," என்றார்.

படப்பிடிப்பு முடிந்த அன்று மேடம் ஸ்டில்ஸைக் கூப்பிட்டார். "நீ எடுத்ததெல்லாம் எனக்குப் பாக்கணும். உன் கேமராவுல எல்லாம் கடுகாத் தெரியுது."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். அண்ணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். கணினியில் ஸ்டில்ஸ் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். மேடத்தின் முகம் திரை முழுக்க நிறைந்தது. அவர் மூக்கு கணினித் திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். கன்னம், நெற்றி, வாயோரம் என்று ஒவ்வொரு இடமாக விரல் வைத்துப் பார்த்தார்.

"அழகா இருக்கீங்க," என்றாள் அண்ணி.

"சும்மா இரும்மா. கன்னம் எங்க போச்சு?"

நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டில்ஸ் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்தாள். கேமரா இல்லாமல் அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அதில் என்ன ஓடுகிறதென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரி," என்றார் மேடம். "அடுத்தது போடு."