லண்டனிலிருந்து திரும்பி வந்தவள்

சொன்ன சொல் தவறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்ததற்காக உங்களை யாராவது கன்னத்தில் அறைந்திருக்கிறார்களா? இணுவில் நமசிவாயத்தின் மகள் குணலட்சுமிக்கு அது நடந்தது. எண்பத்து நாலாம் ஆண்டு ஆவணிக் கடைசியில், பட்டப்பகலில், படலையைத் திறந்து உடுப்புப் பெட்டியை முற்றத்தில் இறக்கி வைத்து அவள் ஒழுங்காய் மூச்சு விடுவதற்குள் நடந்தது. அறைந்தவர் தகப்பன். பிள்ளைகள் மேல் ஒருநாளும் கை வைக்காத மனுசன்.

முதலில் கண்டது தாய் ஞானாம்பிகைதான். கஞ்சி வடித்த தண்ணீரை ஊற்ற வெளியில் வந்தவள், மகளைக் கண்டதும் சட்டியை அப்படியே காலில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ முருகா! பிடிச்சு அனுப்பிப்போட்டாங்களோ?"

"என்னை ஆர் பிடிக்கிறது? நான்தான் வந்தனான். அம்மா, கால்! உங்கடை கால் வேகுது!"

"கால் கிடக்கட்டும். என்னத்துக்கடி வந்தனீ?"

குணலட்சுமி சிரித்தாள். கொழும்பிலிருந்து சுன்னாகம் வரை ரயிலில் இருக்க இடமில்லாமல், பெட்டியைக் காலுக்குள் வைத்துக்கொண்டு நின்றபடி வந்தவள். வழி முழுக்க இந்த முற்றத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். அம்மா ஓடிவந்து கட்டிப்பிடிப்பா, அப்பா சால்வையால் கண்ணைத் துடைப்பார் என்றெல்லாம் நினைத்திருந்தாள். என்னத்துக்கு வந்தாய் என்று யாராவது கேட்பார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை.

"மூண்டு மாசம் எண்டுதானே சொன்னவை? அருந்ததியக்கா சோதினை எழுதி முடிச்சிட்டா. வேலை முடிஞ்சுது, வந்திட்டன்."

ஞானாம்பிகை தோட்டத்துப் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ! கெதியா ஓடி வாங்கோ!" என்று கத்தினாள். செத்த வீட்டில் கூப்பிடுகிற குரல் அது.

நமசிவாயம் வெங்காயப் பாத்தியிலிருந்து மண்கையோடு ஓடி வந்தார். மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், படலைக்கு வெளியே ஒழுங்கையை எட்டிப் பார்த்தார்.

"நீ வந்ததை ஆர் ஆர் கண்டது?"

"எல்லாரும்தான் அப்பா. சந்தியிலை தேத்தண்ணிக் கடையிலை நிண்ட எல்லாரும் கண்டவை. பெட்டியையும் ஒராள்தான் தூக்கிக்கொண்டு வந்து தந்தவர்."

அப்போதுதான் அந்த அறை விழுந்தது. அவள் கன்னத்தில் செம்பாட்டு மண் ஐந்து விரலாய் ஒட்டிக்கொண்டது. அவள் அழவில்லை. அழுகிறதற்கு முதலில் என்ன நடந்தது என்று விளங்க வேண்டும் அல்லவா?

நடந்தது இதுதான். நமசிவாயத்தின் தமையன் முத்துக்குமாருவின் மகள் அருந்ததி, கலியாணம் செய்து லண்டனில் இருந்தாள். கணக்காளர் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஓடித்திரிகிற இரண்டு வயதுப் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. ஊரிலிருந்து யாராவது ஒரு பிள்ளை வந்து மூன்று மாதம் பார்த்துத் தந்தால் போதும், போகவும் வரவும் விமான ரிக்கற் தான் போடுவதாக எழுதியிருந்தாள். சித்தப்பாவின் மகள் இருக்க வேறு யாரைக் கேட்பது?

முத்துக்குமாரு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மருமகன்காரன்தான் இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு நிற்கிறான். இவள் அங்கேயே நின்றுவிட்டால் அவனுக்குத்தான் தலைக்குனிவு. ஆகையால் நமசிவாயம் இணுவில் கந்தசுவாமி கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்.

நமசிவாயம் செய்தார். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்க, கோயில் வாசலில் எரிந்த கற்பூரத்தின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்து, "என்ரை பிள்ளை ஆவணி முடியத் திரும்பி வருவாள், இது சத்தியம்" என்றார். குணலட்சுமி பக்கத்தில்தான் நின்றாள். அப்பாவின் கையில் கரி பிடித்திருந்ததை அவள் கண்டாள். தான் வராவிட்டால் அந்தக் கைக்கு என்ன வரும் என்ற பயம் அந்த இடத்திலேயே அவளுக்குள் இறங்கிவிட்டது.

லண்டனிலும் அந்தப் பயம் அவளை விடவில்லை. மூன்றாம் மாடி வீடு. குழந்தைக்குப் பெயர் அபிராமி. முதல் கிழமை குணலட்சுமியைக் கண்டாலே வீரிட்டு அழுதது. ஊரில் என்றால் குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு தீத்தலாம். அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெயில் எறித்தது. நிலாவைக் காணவே இல்லை. யன்னலுக்குப் பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, றோட்டில் போகிற சிவப்பு மாடி பஸ்ஸைக் காட்டித்தான் அவள் சோறு தீத்தினாள். ஒரு பஸ்ஸுக்கு ஒரு வாய். பஸ் வராத நேரம் இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டு நின்றார்கள். பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போன முதல் நாள், கிழவன் கிழவியென்று பாராமல் எல்லோரும் உடுப்பைக் கழற்றிப் புல்லில் படுத்திருந்ததைக் கண்டு குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். பிறகு தன் கண்ணையும் பொத்த வேண்டியிருந்ததால் குழந்தையைக் கீழே இறக்கி விட்டாள்.

ஆடி முடிய அபிராமி அவளை விட்டு யாரிடமும் போகாது. "ஓம்" என்றும் "வேண்டாம்" என்றும் "இஞ்சை வா" என்றும் கதைக்கப் பழகிவிட்டது. அப்படி இருந்தும், நாள் நெருங்கியதும் குணலட்சுமி பெட்டியை அடுக்கினாள். அருந்ததி அறை வாசலில் நின்று, "நீ உண்மையாத்தான் போறியோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். சித்தப்பாவுக்குத் தெரியுமோ என்றும் கேட்டாள். பாசத்தில் கேட்கிறா என்றுதான் குணலட்சுமி நினைத்தாள். விமான நிலையத்தில் அபிராமி அவளுடைய சட்டையைப் பிடித்த பிடியை விரல் விரலாய்க் கழற்ற வேண்டி இருந்தது. அப்பாவின் கையை நினைத்துக்கொண்டு கழற்றினாள்.

இப்போது அந்தக் கைதான் அடித்தது.

"நீங்கள் கற்பூரத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணினனீங்கள் அப்பா" என்றாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "நான் வராமல் விட்டால் உங்களுக்கெல்லோ ஏதும் வந்திருக்கும்?"

நமசிவாயம் முற்றத்து மண்ணிலேயே குந்திவிட்டார்.

"எடி விசரி! அண்டைக்கு விடியவே நான் கோயிலுக்குப் போய், மஞ்சள் துணியிலை காசு முடிஞ்சு வைச்சு, முருகா, இண்டைக்கு ஒரு பொய்ச் சத்தியம் பண்ணப்போறன், பிள்ளையளுக்காகத்தான், பொறுத்துக்கொள் எண்டு சொல்லி மன்னிப்புக் கேட்டுப்போட்டன். அவரோடை நான் எல்லாம் கதைச்சு முடிச்சிட்டன். உன்னை ஆர் வரச்சொன்னது?"

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உனக்குச் சொன்னால் அங்கை எயாப்போட்டிலை வெள்ளைக்காரன் கேள்வி கேக்கேக்கை நீ முழுசுவாய். எப்ப திரும்பிப் போவாய் எண்டு அவன் கேக்க, ஆவணியிலை எண்டு நீ மனசறிஞ்சு சொல்லவேணும். அதுக்குத்தான் சொல்லேல்லை."

"நான் போய்ச் சேந்தாப் பிறகாவது எழுதியிருக்கலாமே?"

"எழுதினால் அருந்ததி பிரிச்சுப் பாப்பாள். எழுதித்தான் விளங்க வேணுமோ? இந்த ஊரிலையிருந்து போனதுகளிலை ஆரடி திரும்பி வந்தது? நீ அங்கை காலை ஊண்டி நிண்டால், பேந்து இவனைக் கூப்பிடலாம் எண்டு இருந்தனாங்கள்." சொல்லிவிட்டு அவர் தலையில் கை வைத்தார்.

இவன் என்றது தியாகலிங்கத்தை. குணலட்சுமியின் தம்பி. பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனை எழுதிவிட்டு இருந்தான். அந்த மாதம் கோண்டாவில் பக்கம் ஆமிக்காரர் வந்து அவனுடைய வயதுப் பெடியள் எத்தனையோ பேரை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதிலிருந்து ஊரில் எந்தப் பெடியனும் இரவில் வீட்டில் படுப்பதில்லை. அவனும் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற இயந்திரக் கொட்டிலில்தான் படுப்பான். தான் குழந்தைக்குப் பஸ் காட்டிச் சோறு தீத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்த வீட்டில் தம்பியின் உயிரைத் தன் பெயரில் எழுதி வைத்திருந்தார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். லண்டனைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. "அங்கை ஏதும் பிரச்சினையோ பிள்ளை?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி ஒன்றும் கேட்காமல் குணலட்சுமியின் வயிற்றையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"வடிவாப் பாருங்கோ மாமி. அங்கை வெறும் பாணும் பட்டரும்தான், வயிறு ஒட்டிப்போச்சு" என்றாள் குணலட்சுமி. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா முத்துக்குமாரு வந்தபோதுதான் மிச்சமும் விளங்கியது. அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே படலையில் காலை ஊன்றி நின்று, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"எடி பிள்ளை, நீ மெய்யாவே வந்திட்டியோ!"

"வருவன் எண்டுதானே பெரியப்பா சத்தியம் வாங்கினனீங்கள்?"

"அது... அது மருமோனுக்குச் சொல்லுறதுக்கெல்லோ வாங்கினது. நாளைக்கு அவன் கேட்டால், நான் சத்தியம் வாங்கித்தான் அனுப்பினனான், அவங்கள் ஏமாத்திப் போட்டாங்கள் எண்டு சொல்லத்தானே? நீ வரமாட்டாய் எண்டு தெரிஞ்சுதான் நான் ஆடியிலையிருந்தே உன்ரை கொப்பரோடை கோவம்."

"ஆவணி முடிய முதலேயோ?"

"பேந்து கோவிக்க நேரம் இருக்குமோ இல்லையோ?" அவர் நமசிவாயத்தைப் பார்த்தார். தம்பி முற்றத்தில் குந்தியபடியே இருந்தார். "என்னடாப்பா நமசு, உவளுக்கு நீ ஒண்டும் சொல்லேல்லையே?" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில் தானும் குந்தினார்.

ஆக, அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். சத்தியம் வாங்கியவருக்கும் தெரியும். அருந்ததியக்கா வாசலில் நின்று இரண்டு தரம் கேட்டதும் அதுதான். அன்றைக்குக் கோயில் வாசலில் நின்றவர்களில் அந்தச் சத்தியத்தை நம்பியது தான் ஒருத்திதான். கோயிலுக்குள் இருந்தவருக்குக்கூட விடியவே சொல்லியாகிவிட்டது.

தியாகலிங்கம் பொழுதுபடத்தான் வந்தான். அவனுக்கு எப்படி முகம் கொடுப்பது என்று தெரியாமல் அவள் கிணற்றடியில் நின்றாள். அவன் அவளைக் கண்டதும், "என்ன அக்கா, மகாராணி உன்னை நிக்கச் சொல்லி மறிக்கேல்லையோ?" என்றான்.

"மறிச்சவ. நான்தான் வாறன் எண்டு வந்திட்டன்." அவள் கிட்ட வந்தாள். "தம்பி, எனக்கு ஒண்டும் தெரியாதடா. சத்தியமாத் தெரியாது."

"ஐயோ, திரும்பவும் சத்தியமோ? காணும், விடு." அவன் வாளியை விட்டுத் தண்ணீர் அள்ளினான். "நல்லாத்தான் செய்தனீ. நான் இப்பிடிச் சொன்னது எண்டு அப்பாவுக்குச் சொல்லாதை, எனக்கும் அடிப்பார்."

"உனக்கு என்னிலை கோவம் இல்லையோ?"

"எனக்கு அந்தக் குளிர் ஒத்துவராது. போனாலும் ஆரோ ஒராளின்ரை பிள்ளையைத்தானே பாக்கவேணும்? அதுக்குக் கோவணம் கட்டுறது எப்பிடி எண்டு காட்டு பாப்பம்."

அவன் தோளில் கிடந்த துவாயை நீட்டினான். குழந்தைகளுக்கு அங்கே கட்டுகிற மாதிரி முக்கோணமாய் மடித்து, ஊசி குத்துகிற இடத்தை அவள் காட்டினாள். அவன் அதை உடுத்திருந்த சாறத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு கிணற்றடியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். அறை வாங்கிய பிறகு அன்றைக்கு அவள் சிரித்தது அதற்குத்தான்.

அபிராமியைப் பற்றி எல்லாம் கேட்டான். பஸ் கதையை இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னான். சாப்பிட இருந்தபோது, முகம் தூக்கி வைத்திருந்த தாயிடம் இன்னும் ஒரு குழல் பிட்டுக் கேட்டு வாங்கினான். தகப்பனிடம், "அப்பா, வந்த பிள்ளையைச் சாப்பிட விடுங்கோ. நடந்தது நடந்து போச்சு" என்றான். நமசிவாயம் மகளின் சாப்பாட்டுக் கோப்பைப் பக்கம் கறிச்சட்டியை மெல்ல நகர்த்தி வைத்தார். கொஞ்ச நேரம் அந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. லண்டனிலிருந்து அவள் கொண்டுவந்த சொக்கிலேற்றில் பாதியை முறித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, படுக்கப்போகிறேன் என்று தியாகலிங்கம் தோட்டத்துப் பக்கம் போனான்.

அடுத்த நாள் காலை முன்பின் தெரியாத ஒருவர் மாதகல் கடற்கரையிலிருந்து வந்து, தியாகலிங்கத்தின் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, ஆயுதப் பயிற்சிக்கென்று இந்தியாவுக்கு வெளிக்கிட்ட வள்ளத்தில் அவனும் இயக்கத்துப் பெடியளோடு ஏறிவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார்.