எல்லேயின் பாறைத்திட்டில் ஒரு வலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. இன்று படகுத்துறையில் அக்காவும் தம்பியும் சண்டை போட்டார்கள். நான் தூண்டில் சிக்கை அவிழ்ப்பவன் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வடதுருவத்தை ஒட்டி, சாமி என்னும் இனத்தார் வாழும் இந்த ஊருக்கு வந்து எனக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னும் மீன் பிடிக்க வராது. ஊர்வம்பு நன்றாக வரும்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "வடக்கே வெகுதொலைவில், உறைந்து கிடக்கும் ஓர் அமைதியான ஏரி..."

[அடித்துவிட்டேன். அக்டோபர் பாதி தாண்டியும் ஏரி உறையவில்லை. முன்பெல்லாம் இந்நேரம் கரையோரப் பனிக்கட்டிமேல் நாய் நடந்துபோகும். இப்போது வாத்து நீந்துகிறது.]

இரண்டாவது: "யோவ்னாவின் அம்மா எல்லே போன வாரம் இறந்துபோனாள்."

இது நிற்கட்டும்.

2

இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஏரிக்குள் ஒரு பாறைத்திட்டு உண்டு. எல்லேயின் திட்டு அவள் அம்மா வழியில் வந்தது. வயிறு சிவந்த ராவ்து மீன் இலையுதிர் காலத்தில் அங்கே முட்டையிட வரும். அப்போது வலை போட்டால் குழந்தைகூட அள்ளிவிடலாம். அதனால்தான் யாரும் போடுவதில்லை. வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் ஒரே ஒரு வலை இறங்கும். அந்த மீனை வேகவைத்துத்தான் அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்குப் பரிமாற வேண்டும். வேறு எது வைத்தாலும் செத்தவரைப் பட்டினியாக அனுப்பியதாகப் பேச்சு.

யோவ்னாதான் அந்தத் தம்பி. ஐம்பதைத் தாண்டியவன், மனைவியில்லை, அம்மாவோடுதான் இருந்தான். நாளை அடக்கம்; இந்தக் குளிர் ஊரில் அதுவரை உடலை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். இந்த ஆண்டு அந்தத் திட்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய ராவ்துகளே வந்திருக்கின்றன.

3

(ஏரியைப் பற்றி ஒரு பத்தி. தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் யோவ்னாவைத் தப்பாகத் திட்டுவீர்கள்.)

பனிக்கட்டி சீக்கிரம் உருகுகிறது, தண்ணீர் சூடாகிறது. தெற்கு மூலையில் ஒடுங்கிக் கிடந்த வரிபோட்ட முள்முதுகன் மீன்கள் ஏரி முழுக்கப் பரவின. ராவ்துவின் சதைக்குச் சிவப்பைத் தருவது அடியில் ஊரும் கூனிப்பூச்சி. முள்முதுகன் அதைத் தின்றது. பிறகு ராவ்துவின் குஞ்சுகளைத் தின்றது. யோவ்னாவுக்கு வயிறு எரிந்தது. கோடை தவறாமல் பெரிய கண் வலை போட்டு, பெரிய முள்முதுகன்களாகப் பார்த்து வாரிக் கரையேற்றினான். ஊரே மெச்சியது.

4

அவன் அக்கா ரிஸ்தென் நகரத்தில் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள்தான் இன்று விஷயத்தை உடைத்தாள்.

"அந்தப் பெரிய முள்முதுகனுங்கதான்டா தன் குஞ்சையே தின்னு கூட்டத்த அடக்கி வெச்சிருந்தானுங்க. நீ காவக்காரன எல்லாம் புடிச்சுட்டுத் திருட்டுப் பயலுகள ஊருக்குள்ள விட்டுட்ட."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில பாலாடைக்கட்டியா அடைச்சிருந்துச்சு?"

"எங்களுக்கே இப்பத்தான்டா தெரியும்."

யோவ்னா படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "ஏரிய எம் புள்ளதான் காப்பாத்தறான்னு அம்மா சொல்லாத வீடில்லக்கா."

"விடு. தண்ணி சூடானது உன்னாலயா? நாளைக்குக் கலைமான் கறி வெச்சுக்கலாம்."

"அம்மாவுக்கா? ஊரு காறித் துப்பும்."

"அங்க மிச்சம் இருக்கறதெல்லாம் முட்டையோட நிக்கற தாய் மீனுடா. அதையும் வழிச்சுட்டா..."

"அது தாயின்னா, வீட்டுல படுக்க வெச்சிருக்கறது யாரு?"

ரிஸ்தென் படகுக்குள் காலை வைத்தாள். "தள்ளு. துடுப்ப நான் போடறேன். நீ தனியாப் போனா கவுந்துடுவ" என்றாள்.

[இந்த ரிஸ்தென்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு வரைவில் அவளைக் கரையிலேயே நிறுத்தி, ஏரியின் எதிர்காலம் பற்றி ஒரு பக்கம் பேசவைத்தேன். கேட்கச் சகிக்கவில்லை. செத்தது அவளுக்கும் அம்மாதானே. நான் என் கண்ணால் பார்த்தபடி அவள் துடுப்புப் போட்டாள். அப்படியே விட்டுவிடுகிறேன்.]

5

நான் இதை எழுதும்போது வலை தண்ணீருக்குள் இருக்கிறது. விடிந்ததும் எடுப்பார்கள். நாளைய சாப்பாட்டுக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். தட்டைப் பார்த்துவிட்டு எழுதினால் அது செய்தி.

முடிவு அ: வலை நிறைய ராவ்து. யோவ்னாவின் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறாள். அடுத்த இலையுதிர் காலத்தில் திட்டு...

முடிவு ஆ: வலை நிறையப் பொடி முள்முதுகன். யோவ்னா ஒவ்வொன்றாக...

முடிவு இ: ஒரே ஒரு ராவ்து, முட்டையோடு. யோவ்னா அதைக் கையில் ஏந்தி, தண்ணீரில் விட்டுவிடுகிறான்.

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது.* எந்த முடிவை எழுத உட்கார்ந்தாலும் என் கை ஒரு மீனையாவது எங்கிருந்தாவது கொண்டுவந்து போட்டுவிடப் பார்க்கிறது. ஒரு வரி எழுதினால் வலைக்குள் மீன் வந்துவிடுகிறது. எத்தனை வரி எழுதினாலும் ஏரிக்குள் வருவதில்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

* செவுள் மாட்டி இரவெல்லாம் வலையில் தொங்கிய மீன் பிழைக்காது. ரிஸ்தென் படித்தால் சிரிப்பாள்.

6

ஆகவே விடியலை மட்டும் எழுதுகிறேன். ரிஸ்தென் படகை அசையாமல் பிடித்திருக்கிறாள். யோவ்னா குனிந்து கயிற்றைப் பற்றுகிறான். கனக்கிறது. நனைந்த வலை வெறுமனேயும் கனக்கும்.

"இருக்காடா?"

இருந்தால், கடைசியாக வந்தவற்றைக் கொன்றவன் அவன். இல்லாவிட்டால், அவன் வலை போடும் முன்பே அவை போய்விட்டன. அம்மாவுக்காகக் கயிற்றைப் பிடித்து நிற்கிறவன் இரண்டில் எதை வேண்டிக்கொள்வது? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அவனை இழுக்கச் சொல்கிறேன்.