திறந்து கிடந்த பாடம்

"நாளைக்கு விடியக்காலம் எம்மக பவித்ராவ ஜீப்புல ஏத்தி விடப்போறேம்மா. குரங்கணி மலை மேல ஏலக்காய் எடுக்குற சோலி" என்றாள் சோலையம்மாள், கொல்லைப்புறத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டே.

அடுப்படியில் நின்ற ரேணுகா எட்டிப் பார்த்தாள். "பன்னெண்டாவது பாதியில கெடக்கே?"

"கணக்குதான் வரமாட்டேங்குதே. பள்ளிக்கொடத்துல அதுக்கு வாத்தியாரே இல்ல. நம்ம பாப்பா போன்ல படிக்கிற பாடத்துக்குக் கொள்ளைக் காசுன்னு நீங்கதான சொன்னீக?"

சொன்னது ரேணுகாதான். அன்றைக்குப் பவித்ரா வாசற்படிக்கு வெளியே நின்றபடி, "அது எதுல வருதுக்கா?" என்று ரேணுகாவின் மகள் பவதாரணியிடம் கேட்டாள். அவள் வாய் திறப்பதற்குள் ரேணுகா முந்திக்கொண்டாள். காசாவது பணமாவது! நல்ல மனதுள்ள ஆசிரியர்கள் சிலர் ஊருக்கே திறந்து வைத்த பாடம் அது. பாத்திரம் விளக்குகிறவள் மகள் தன் மகளைவிட நாலு மார்க் கூட வாங்கிவிட்டால்? அந்தப் பயம்தான் பொய்யாக வந்தது. கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாத அந்தக் காலத்து ஆட்களை வாய் நிறையத் திட்டுகிறவளும் இதே ரேணுகாதான்.

மத்தியானம் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தாள். சாயங்காலம் சோலையம்மாளின் தெருவுக்கு நடந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.

"சோலை, அந்தப் பாடத்துக்குக் காசே கெடையாது. நான் சொன்னது பொய்." சொல்லிவிட்டு, பவித்ராவின் போனில் தானே அதைத் திறந்தும் கொடுத்தாள்.

சோலையம்மாள் நம்பவில்லை. அந்த வீட்டிலிருந்து சும்மா வந்ததெல்லாம் பழைய சேலையும் மிஞ்சின குழம்பும்தான். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "காச நீங்க கட்டிட்டு, எங்க மனசு நோகக்கூடாதுன்னு இப்பிடிச் சொல்றீக. எனக்குத் தெரியாதா?" என்று காலில் விழுந்தாள்.

இல்லையென்று ரேணுகா இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழியைவிட நன்றியை வாங்கிக்கொள்வது லேசாக இருந்தது. இப்படி நிற்கிறோமே என்று உள்ளுக்குள் கூசியது, ஆனாலும் நின்றாள்.

பவித்ரா போனில் முதல் பக்கத்தைப் படித்து முடித்திருந்தாள்.

"காசில்லாம யார் வேணாலும் படிக்கலாம், யாருக்கு வேணாலும் குடுக்கலாம்னு போட்டிருக்கும்மா. அவுக அன்னைக்குப் பொய் சொன்னாகங்கறதுதான் நெசம். நாளைக்கு நான் ஜீப்புல ஏறல. எந்திரிம்மா, கால்ல விழாத."